க்ளட்ச்சைத் தேடிய அப்பாவின் இடது கால்!

அப்பாவுக்கு இடது முட்டியில் தேய்மானம். ''க்ளட்ச் மிதிக்கிறதைக் குறைச்சுக்கோங்க'' என்று டாக்டர் சொன்னதும் வீடே அமைதியாகிவிட்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் போய், கிள்ளை வழியாகப் பிச்சாவரத்தில் இருக்கும் அத்தையைப் பார்த்துவிட்டு வருவது அவருக்கு மாதா மாதம் நடக்கும் திருவிழா. ''இனிமே பஸ்லயே போயிக்கிறேன்'' என்றார். அந்தக் குரல் எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. பழைய காரைக் கொடுத்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கினோம்.

கிளப்புவது சுலபம். 'டி'யில் போட்டு பிரேக்கை விட்டால் போதும். நிறுத்துவதில்தான் வந்தது வினை.

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்ததும் அப்பாவின் இடது கால் பழக்கதோஷத்தில் க்ளட்ச்சைத் தேடிப் போனது. அங்கே இருந்தது பிரேக். க்ளட்ச்சைத் தரை வரை மிதித்தே பழகிய கால், பிரேக்கையும் அப்படியே மிதித்துவிட்டது. பின்னால் வந்த பைக்காரர் எப்படி நிறுத்தினாரோ, தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் அப்பா பிரேக்கை லேசாகத் தளர்த்த, கார் தானாக முன்னால் ஊர்ந்தது. எதிரே பூக்கூடையோடு ஒரு அம்மா ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். அன்று மாலை சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். ''இது நமக்கு ஒத்து வராதும்மா. பேய் புடிச்ச மாதிரி தானா ஓடுது.''

பேய் இல்லை என்று அவருக்குப் புரியவைக்க, முதலில் நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எங்களுடையது ஏ.எம்.டி வகை. 2014-ல் மாருதி செலிரியோவில் அறிமுகமாகி, நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆட்டோமேட்டிக்கை எட்ட வைத்த அதே தொழில்நுட்பம். உள்ளே இருப்பது நம் பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான், க்ளட்ச்கூட உண்டு. காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல மோட்டார்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

சிக்னலை நெருங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது 4, 3, 2 என்று தானே கியரை இறக்கும். அதுவரை இன்ஜினும் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். ஏறக்குறைய நிற்கும் வேகம் வந்ததும் க்ளட்ச்சைப் பிரித்துவிடும்; பிரிக்காவிட்டால் இன்ஜின் அணைந்துபோகும். அந்த ஒரு நொடியில் பிடி விட்டுப்போய், வண்டி வழுக்குவதுபோலத் தோன்றும். அப்பா ''கழுத்தப் புடிச்சித் தள்ளுது'' என்றது இதைத்தான். அங்கே பிரேக்கைச் சீராக அழுத்திக்கொண்டிருந்தால் போதும். நின்றதும் அதுவே முதல் கியரைப் போட்டுத் தயாராக இருக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் க்ளட்ச் அரைகுறையாகச் சேர்ந்து வண்டி ஊரும். டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கும் ஊரும். அங்கே க்ளட்ச்சுக்குப் பதில் ஆயில் தள்ளுகிறது.

நிற்கும்போது 'டி'யா, நியூட்ரலா? இதற்கு எங்கள் வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. அரை நிமிட சிக்னலுக்கு 'டி'யிலேயே பிரேக்கை மிதித்தபடி நிற்கலாம், ஏ.எம்.டி-யில் க்ளட்ச் அப்போது பிரிந்தே இருப்பதால் தேயாது. ஒரு நிமிடத்துக்கு மேல் என்றால் நியூட்ரல், கூடவே ஹேண்ட் பிரேக். கால் அசந்தாலும் எதிரே கடப்பவருக்கு ஆபத்தில்லை. ஓடும்போதே நியூட்ரலுக்குத் தள்ளுவது மட்டும் கூடாது, இன்ஜின் பிடி போய்விடும். 'பி' இருக்கும் கார்களில் சிக்னலில் அதைப் போடுவதும் வேண்டாம். திரும்ப 'டி'க்கு வரும்போது ரிவர்ஸைக் கடக்க வேண்டும். பின்னால் நிற்பவர் ரிவர்ஸ் லைட்டைப் பார்த்து அலறிவிடுவார்.

இடது காலுக்கு ஒரே வழிதான் இருந்தது: ஓரத்துக் கால்தாங்கியில் வைத்துவிட்டு மறந்துவிடுவது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், ரோடு காலியாக இருக்கும் விடியற்காலைகளில் பழகினோம். மூன்றாவது வாரம் பிச்சாவரம் படகுத்துறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவே சொன்னார். ''படகுக்கு ஏதும்மா பிரேக்கு? துறை வர்றதுக்கு முன்னாடியே துடுப்ப நிறுத்திட்டாரு பாரு. அது தானா வந்து நிக்குது.'' திரும்பும் வழியில், சிவப்பைத் தூரத்தில் பார்த்ததுமே ஆக்சிலரேட்டரை விட்டார். கியர் இறங்கும் குலுக்கல்கூடத் தெரியவில்லை.

இப்போது தனியாகவே போய் வருகிறார். ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்பதுதான் எனக்கு இன்னும் பயம். எங்கள் காரில் ஹில் ஹோல்டு கிடையாது, பிரேக்கை விட்டால் பின்னால் உருளும். ஆக்சிலரேட்டரை மிதித்தே நிறுத்திவைத்தால் க்ளட்ச் கருகும். அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, வண்டி முன்னால் இழுக்கிறது என்று தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுகிறார். 25 வருஷமாக அவர் செய்வதுதானாம். ''இதையும் கம்ப்யூட்டர்ல தேடிப் பாக்கணுமா?'' என்கிறார்.