தேர்ச்சி சதவீதமும் மூன்றாம் வகுப்பும்

காமர்ஸ் படிக்கிறவன் கையில் ஒரு எண் கிடைத்தால் சும்மா விடமாட்டான் :)

2025 ப்ளஸ் டூ ரிசல்ட்டில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகள் மட்டும் 91.94. மதுராந்தகம் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு தாம்பரத்துக்கு ரயிலேறி வந்த எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் லாபத்தை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியை எடை போடக்கூடாது, இருப்புநிலைக் குறிப்பையும் பார்க்கணும் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள் இல்லையா? இங்கே அந்தக் கடன் நிற்பது மூன்றாம் வகுப்பில்.

பிரதம் அமைப்பு கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் 'அசர்' ஆய்வு ஒன்று உண்டு. 2022ல் தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நாடு முழுவதற்கும் அது சுமார் 20.

காரணம் புரியாததல்ல. அந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் 2020. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தது. நம்ம ஊரில் 1 முதல் 8 வரை வகுப்புகள் திறந்ததே 2021 நவம்பர் 1ல்தான். நகரத்தில் ஆன்லைன் கிளாஸ் ஓடியது. கிராமத்தில் வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021ல் இல்லம் தேடிக் கல்வி, 2022ல் எண்ணும் எழுத்தும், காலை உணவு என்று வரிசையாக வந்தன. 2024 ஆய்வில் அதே எண் 10ஐத் தாண்டியது. முன்னேற்றம்தான், ஆனால் போதாது. இப்போது மூன்றாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அந்த உதவி கிடைக்கும். அன்றைக்கு விட்டுப்போனவர்கள்?

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் பிள்ளை பள்ளியையே விட்டுவிடும் என்பதால் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வாசிக்கத் தெரியாமலே மேலே போகும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு வாத்தியார்தான் முதலில் கண்டுபிடிக்கிறார். அவருக்கோ போர்ஷன் முடிக்கணும். எழுத்துக்கூட்டிச் சொல்லித்தர எங்கே நேரம்?

2022ல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் 2030ல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவார்கள். அன்றைக்கும் தேர்ச்சி 90ஐத் தாண்டலாம். வினா வங்கியை மனப்பாடம் செய்தாலே பாஸ் மார்க் வந்துவிடும். அதற்குப் பிறகு கல்லூரியில் என்ன செய்வார்கள்?

அதனால் ஆறாம் வகுப்பு தொடங்கும்போதே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பார்க்கணும். திணறுகிறவர்களுக்குத் தினமும் ஒரு பீரியட் தனியாக ஒதுக்கணும். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கமிருந்து ரயிலில் வரும் நண்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் கூட உட்கார்ந்து வாசிக்க வைத்துப் பாருங்கள்.