பீர்க்கம்பூ விரியும் நேரம்

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லாரிகள் போகும் பக்கத்தில், ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது அந்த அரசு நடுநிலைப்பள்ளி. பிள்ளைகளின் அப்பா அம்மாக்களில் பெரும்பாலோருக்குக் காய் பறிப்பதும் களை எடுப்பதும் மூட்டை தூக்குவதும்தான் பிழைப்பு. அன்றைக்குத் தக்காளி என்ன விலைக்குப் போனது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இங்கே எதற்குப் பள்ளித் தோட்டம் என்ற சந்தேகத்தோடுதான் போனேன். செடி வளர்த்தால் பிள்ளைகளின் மனம் லேசாகும் என்று நகரத்தில் சொன்னால் தலையாட்டுவார்கள். மண்ணிலிருந்து பிள்ளை தப்பிக்க வேண்டும் என்றுதானே இங்கே பள்ளிக்கே அனுப்புகிறார்கள்?

தோட்டம் போட்ட புதிதில் ஒரு தாய் வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கிறார்: "மம்பட்டி பிடிக்கவா சார் பள்ளிக்கூடம் அனுப்புறோம்? அதுக்கு எங்ககூடவே கூட்டிட்டுப் போயிருப்போமே." இதைச் சொல்லும்போது, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அறிவியல் ஆசிரியர் சிரிக்கவில்லை.

அந்தக் கோபத்துக்கு வயது அதிகம். கைத்தொழில் வழியே கல்வி என்று காந்தி 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். இதே திண்டுக்கல் பக்கம், சின்னாளப்பட்டிக்கு அருகே, சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆனால் தமிழ்நாட்டின் நினைவில் ஆழமாகப் பதிந்தது 1953தான். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். பள்ளிக்குள் மண்வெட்டியைக் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளையைத் தோண்டச் சொல்கிறோம், எந்தப் பிள்ளையை மேற்பார்வை பார்க்கச் சொல்கிறோம் என்பதில்தான் நம் ஊரில் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

இங்கே வருகைப்பதிவேட்டின் வரிசைப்படிதான் வேலை. ஆண், பெண், தெரு என்று எதுவும் பார்ப்பதில்லை. வீட்டுப்பாடம் எழுதாதவனைத் தண்டனையாகத் தோட்டத்துக்கு அனுப்புவதும் கிடையாது. ஒரே ஒருமுறை வேறொரு ஆசிரியர் அப்படி அனுப்பியபோது பெரிய சண்டையாகிவிட்டதாம். நியாயமான சண்டை.

நான் போனது காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். பந்தலில் புடலையும் பீர்க்கனும் இறங்கியிருந்தன. சில புடலங்காய்களின் நுனியில் கூழாங்கல் கட்டித் தொங்கியது, சுருளாமல் நேராக வளர. தினமும் எவ்வளவு நீண்டது என்று அளந்து, ஏழாம் வகுப்பு வரைபடத்தாளில் குறித்து வருகிறது. கீழே சிறுகீரைக்குப் புதுப் பாத்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே மண்வெட்டியோடு நின்றவர், அன்று வாசலில் கேள்வி கேட்ட அதே தாய்.

"சாரு, இந்த முக்கைப் பாருங்க, பள்ளமா இருக்கு. தண்ணி எல்லாம் இங்கன வந்து நின்னுக்கும். விதை அழுகிப்போகும்." ஆசிரியர் வெட்டிய பாத்தியைக் கலைத்தார். குனிந்து, மண்வெட்டியின் முதுகால் இழுத்து நிரவினார். மட்டம் பார்க்கக் கருவி ஏதுமில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தலைமாட்டில் ஊற்றி, அது ஓடும் வழியைப் பார்த்தார், அவ்வளவுதான். பாத்தியின் அகலம் மூன்றடிக்கு மேல் போகவிடவில்லை. இருபுறமும் உட்கார்ந்தால் நடுவரைக்கும் பிள்ளைகளின் கை எட்ட வேண்டும், உள்ளே மிதிக்கக் கூடாது. கீரை விதை பொடி என்பதால் மணலோடு கலந்து தூவினார். எறும்பு தூக்கிப் போகாமலிருக்க ஓரத்தில் சாம்பல். பூவாளியை வாங்கிய பையனிடம், "உசரத்துலருந்து ஊத்தாத சாமி, விதை ஒதுங்கிரும்" என்றார்.

அவருடைய மகள் ஆறாம் வகுப்பு. அம்மா சொல்ல, ஆசிரியர் கேட்டுக்கொண்டு நிற்பதை அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளின் மனநலம் பற்றி எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். வீட்டில் இருக்கும் அறிவுக்குப் பள்ளியில் மரியாதை கிடைப்பது அந்தப் பேச்சுகளில் வருவதே இல்லை.

ஆய்வுகளும் ஆசிரியருக்குத் தெரியும். ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ரோஜர் உல்ரிச் 1984இல் எழுதியதைச் சொன்னார். எனக்கென்னவோ மரத்தைப் பார்ப்பதும் பாத்தியில் உட்காருவதும் வேறுவேறு என்றுதான் படுகிறது. ஒரு பையன் அவரைச் செடியின் இலைகளைத் திருப்பித் திருப்பி அசுவினி தேடிக்கொண்டிருந்தான். வகுப்பில் வாயே திறக்க மாட்டானாம், அம்மா திருப்பூரில் மில் வேலை. "தோட்டத்தால மாறிட்டான்னு நான் சொல்ல மாட்டேன். இங்க இருக்குறப்ப நகத்தைக் கடிக்கிறதில்ல, அதான் பார்த்தேன்" என்றார் ஆசிரியர்.

பள்ளிக்கும் பயிருக்கும் நேரம் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பீர்க்கம்பூ விரிவது மாலையில். ஆண் பூ, பெண் பூ பார்க்க வேண்டுமென்றால் மணி அடித்த பிறகும் இருக்க வேண்டும், சிலர் இருக்கிறார்கள். ஜூனில் திறக்கும் பள்ளிக்கு ஆடிப்பட்டம் சரியாக வாய்க்கிறது. தைப்பட்டம்தான் சிக்கல், காய் பிடிக்கும்போது முழுப்பரீட்சை, பிறகு விடுமுறை. அதனால் கோடையில் முருங்கையும் கறிவேப்பிலையும் மட்டும் நிற்கும். கோடைமழை பெய்தால் சணப்பு விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுவார்கள்.

பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட மத்திய அரசு 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. விதைக்கும் பூவாளிக்கும் எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது. அந்தத் தாய் இங்கே வரும் நாளில் காட்டு வேலைக் கூலி போகிறது, அதை எந்தக் கணக்கில் எழுதித் தருவது என்று பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் தன் பையிலிருந்து கொடுக்கிறார். அந்தத் தாய் பாதிநாள் வாங்குகிறார், பாதிநாள் மறுக்கிறார். இது நீடிக்கிற ஏற்பாடு அல்ல என்று இருவருக்குமே தெரியும்.

வெண்டைப் பாத்தியைத் திங்கட்கிழமை போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். "திங்கக்கெழம வெங்காயம் எடுக்கக் கூப்பிட்டிருக்காக சார், நல்ல கூலி. செவ்வா வேணா வாரேன். அதுக்குள்ள நீங்களா வெட்டி வெச்சிராதீங்க."