கலந்து எரியும் எண்ணெய்

டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் ஓசையையும் பாய்ச்சலையும்தான் எழுதுகிறார்கள். நாங்கள் அவற்றின் எண்ணெயைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம். நாங்கள் என்பது நாமக்கல் பக்கத்து மூன்று சகோதரர்கள். அப்பா 1984-இல் வாங்கிய யெஸ்டி ரோட்கிங் ஒன்றை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதைச் செய்த மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது.

நான்கு வீச்சு எந்திரம் தன் எண்ணெயை அடியில் ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே 1891-இல் காப்புரிமை பெற்ற எளிய டூ ஸ்ட்ரோக்கில் அதற்கு இடமில்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் நுழைந்து, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு மேலேறுகிறது. அந்த வழியில் எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. ஆகவே எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே வருகிறது. தாங்கிகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு எரிந்து, புகையாக வெளியேறுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய எண்ணெய் வேண்டும்.

எல்லாம் அளவில்தான் இருக்கிறது. இருபதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 50 மில்லி. ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 மில்லி. குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டர் சுவரைப் பற்றிக்கொள்ளும். கூடினால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கூடினால் பிளக் கரியடைகிறது, சைலன்சர் அடைக்கிறது, ரிங் தன் பள்ளத்தில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கார்பரேட்டரின் ஜெட் வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு ஏறினால் பெட்ரோலின் பங்கு இறங்குகிறது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் எந்திரம் மேலும் சூடாகிறது. காப்பாற்றவென்று ஊற்றிய எண்ணெயே சுடவும் செய்யும்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கார் எந்திரத்து எண்ணெயில் கலந்துள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகி, பிஸ்டன் தலையில் படிந்து கனலும். படகு மோட்டார்களுக்கான டூ ஸ்ட்ரோக் எண்ணெய் நீரால் குளிரும் எந்திரங்களை மனதில் கொண்டு செய்யப்பட்டது. காற்றால் மட்டும் குளிரும் சூடான எந்திரத்துக்கு அது பொருந்தாது. டப்பாவின் மேல் ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். கியர் பெட்டிக்கு ஊற்றுவது இதிலிருந்து முற்றிலும் வேறு எண்ணெய். பழைய வண்டியைப் புதிதாக வாங்குகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறோம்.

அப்பாவுக்குக் கொல்லிமலை மேல் ஆசிரியர் பணி. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது அவர் கவலைப்பட்டதில்லை. இறங்கும்போதுதான் கவனமாக இருப்பார். காரணத்தை எங்களுக்கு விளக்கியவர் வண்டியைப் பார்த்த மெக்கானிக்: "தம்பி, இது பெட்ரோல் குடிக்கிறப்பதான் எண்ணெயும் குடிக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசா மூடிட்டு கியர்லயே இறங்கினா, சக்கரம் எந்திரத்தைச் சுத்தும், எந்திரம் பட்டினி கிடக்கும்." பட்டினி கிடந்த பிஸ்டன் பற்றிக்கொண்டால் பின்சக்கரம் அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஆகவே அப்பா இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகி ஒரு மிடறு கொடுப்பார். மூவரும் அதையே கற்றுக்கொண்டோம். ஸ்வீடன் நாட்டு சாப் நிறுவனம் தன் டூ ஸ்ட்ரோக் கார்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருந்தது என்று பின்னால் படித்தோம். காலை எடுத்ததும் சக்கரம் எந்திரத்தை விட்டு விலகித் தனியே உருளும்.

யமஹா 1964-இல் ஆட்டோலூப் என்ற பம்பைக் கொண்டுவந்தது. எண்ணெய்க்குத் தனித் தொட்டி. ஆக்ஸிலேட்டர் திறக்கும் அளவுக்கேற்ப பம்ப் ஊற்றும். நம் ஊர் ஆர்எக்ஸ் 100-இல் இருந்ததும் அதுவே. ஆனால் தொட்டி ஒருமுறை வறண்டால் குழாயில் காற்று புகும். எண்ணெய் நிரப்பிய பிறகும் அந்தக் காற்றை வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது. அமெரிக்காவில் மணல்மேடுகளிலும் காடுகளிலும் ஓடும் ஏடிவி வண்டிகளில் யமஹா பிளாஸ்டரும் பம்போடு வந்ததுதான். அதன் உரிமையாளர்கள் பலர் பம்பைக் கழற்றிவிட்டுக் கையாலேயே கலந்துகொள்கிறார்கள். பம்ப் நின்றால் தெரியாது, தன் கை ஊற்றியது தெரியும் என்பது அவர்கள் வாதம். அந்த நம்பிக்கை எங்களுக்குப் புரிகிறது. கையும் மறக்கக்கூடியது என்பதால், கலந்தவர் தேதியையும் அளவையும் வீட்டு நாட்காட்டியில் குறித்துவைப்பது எங்கள் வழக்கம்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை ஈர்க்கும். மழைக்காலத்தில் டாங்கில் நீர் அதிகமானால் எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தங்கும். எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. எனவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டுமே கலக்கிறோம். வெகுநாள் நிறுத்துவதாக இருந்தால் குழாயை மூடி, கார்பரேட்டரில் மிஞ்சியது தீரும்வரை எந்திரத்தை ஓடவிடுகிறோம்.

புகையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. டூ ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி நேரே சைலன்சருக்குப் போய்விடுகிறது. எண்ணெய்ப் புகை அதோடு சேர்கிறது. 1998-இல் உச்ச நீதிமன்ற ஆணையால் தில்லியில் இந்த எண்ணெயைச் சில்லறையாக விற்பது தடை செய்யப்பட்டது. பங்க்கிலேயே அளந்து கலந்து கொடுக்க வேண்டியதாயிற்று. கண்டபடி ஊற்றியவர்களின் புகையை அந்நகரம் அவ்வளவு சுவாசித்திருந்தது. எங்கள் வண்டியின் எண்ணெய்க்கு விலை கொடுப்பது நாங்கள்தான். ஆனால் அதன் முடிவை மூச்சில் வாங்குபவர் பின்னால் சைக்கிளில் வருகிறவர். வண்டியை விற்க மனம் வரவில்லை. மாதத்தில் இரண்டு நாள் மட்டுமே எடுக்கிறோம், ஊருக்குள் ஓட்டுவதில்லை. அளவுக் குவளையின் கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது எந்திரத்துக்காக மட்டுமல்ல.