வாலைப் பிடித்த கை

கல்லூரியில் பயின்ற நாளில் பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் சில என் கைக்குக் கிடைத்தன. தத்துவப் பகுதிகள் எனக்கு எளிதில் விளங்கவில்லை. ஐந்து கந்தங்கள் என்றும் பன்னிரு சார்புகள் என்றும் வரும் இடங்களைத் தள்ளிவிட்டு, உவமைகள் வரும் பக்கங்களையே தேடித் தேடிப் படித்தேன். அவற்றுக்கு அங்குப் பஞ்சமே இல்லை.

சோணர் என்னும் துறவியின் வரலாறு என்னை முதலில் கவர்ந்தது. செல்வக் குடியில் பிறந்தவர் அவர். துறவு பூண்ட பின், இராசகிருகத்தின் அருகே, அடிகள் புண்பட்டுக் குருதி கசியும் வரை நடந்து நடந்து தியானம் பழகினார். ஆயினும் பயன் காணவில்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாமோ என்று எண்ணினார். இல்லறத்தில் இருந்தபோது அவர் வீணையில் வல்லவர். ஆதலால் புத்தர்பிரான் அவரிடம், “நரம்பை மிக முறுக்கினால் வீணை இசைக்குமா?” என்று கேட்டார். “இசைக்காது” என்றார் சோணர். “மிகத் தளர்த்தினால்?” அப்போதும் இசைக்காது என்பதே விடை. முயற்சியும் அத்தகையதே என்றார் புத்தர். அவ்விடை சோணரின் விரல்களுக்கு முன்பே தெரிந்திருந்தது அன்றோ! அதனை நினைவூட்டியது மட்டுமே ஆசிரியர் செய்த வேலை.

இத்தகைய உவமைகள் பலவற்றை மனப்பாடம் செய்தேன். விடுதியில் சொற்போர் எழும்போதெல்லாம் அவற்றுள் ஒன்றை எடுத்து வீசுவேன். நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவனின் குலமும் ஊரும் அறிந்தாலன்றி அதைப் பிடுங்க விடேன் என்று அடம்பிடித்த உவமை, கேள்வி கேட்பவர் வாயை அடைக்க எனக்கு நன்கு பயன்பட்டது. வெற்றி பெற்றேன் என்றே மகிழ்ந்தேன்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் என் அத்தை வீட்டுக்குச் சென்றேன். அத்தையின் ஒரே மகன், ஒன்பது வயதுச் சிறுவன், காய்ச்சலால் இறந்து மூன்று திங்கள் ஆகியிருந்தன. அத்தை சரிவர உண்பதில்லை. மாலையில் திண்ணையில் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் அருகில் அமர்ந்து, கிசாகோதமியின் கதையைச் சொன்னேன். இறந்த குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைந்தவள் அவள். சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருமாறு புத்தர் அவளிடம் கூறினார். அவள் வீடு வீடாகச் சென்றாள். அத்தகைய வீடு ஒன்றும் இல்லை. (நம் மணிமேகலையிலும் கோதமை என்னும் தாய் ஒருத்தி, இறந்த மகனை மீட்டுத் தருமாறு தெய்வத்திடம் வாதாடுகிறாள். அதனையும் விடாமல் சொன்னேன்.)

அத்தை முழுவதும் கேட்டார். பிறகு, “தம்பி, புத்தர் அந்தப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னாரா?” என்றார்.

“இல்லை, அத்தை. கடுகு வாங்கி வரச் சொன்னார்.”

“அப்படியானால் அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்றிருப்பாள். அந்தந்த வீட்டார் தம் வீட்டில் இறந்தவரைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அவளும் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லியிருப்பாள். நீ வந்து பத்து நாள் ஆயிற்று. அவன் பெயரை ஒரு முறையேனும் சொன்னாயா?”

நான் தலை கவிழ்ந்தேன். அவன் பெயரைச் சொன்னால் அத்தை அழுவாரே என்று அஞ்சியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் அழுவதைக் காண எனக்குத் துணிவில்லை. கதையைச் சொல்லி வாயடைத்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன்.

விடுதிக்குத் திரும்பிய பின், முன்பு விரைந்து கடந்துவிட்ட ஒரு பகுதியை மீண்டும் படித்தேன். மச்சிம நிகாயம் என்னும் தொகுதியில் 152 சூத்திரங்கள் உள்ளன. அவற்றுள் 22-ஆவது, பாம்பு உவமையால் பெயர் பெற்றது. அரிட்டர் என்னும் பிக்கு போதனையைத் தவறாகக் கொண்டு பிடிவாதம் செய்தபோது புத்தர் கூறியது அது. பாம்பு பிடிக்கச் சென்றவன் அதன் வாலைப் பற்றினால், அது திரும்பி அவன் கையையே கடிக்கும். கவைக்கோலால் அழுத்திக் கழுத்தைப் பற்றினால், உடலால் அது கையைச் சுற்றிக்கொண்டாலும் தீங்கில்லை. பிறரைக் குறைகூறவும் வாதத்தில் வெல்லவும் அறவுரையைக் கற்பவன் வாலைப் பிடித்தவன். ஆறு கடந்த பின் தெப்பத்தைத் தலையில் சுமந்து திரியலாகாது என்னும் புகழ்பெற்ற உவமையும் அதே சூத்திரத்தில்தான் வருகிறது. தெப்பத்தை நான் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதற்கு முன்னே கிடந்த பாம்பு மட்டும் என் கண்ணில் படவில்லை. என்ன விந்தை!

அடுத்த விடுமுறையில் மீண்டும் அத்தை வீட்டுக்குச் சென்றேன். சுவர் மாடத்தில் அவனுடைய பம்பரம் சாட்டையோடு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து, அவன் பெயரைச் சொல்லி, “இதை அவனுக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டேன். அத்தை முதலில் அழுதார். பிறகு, அது திருவிழாக் கடையில் வாங்கியது என்றும், அன்று அவன் பச்சை நிறந்தான் வேண்டுமென்று அரைநாழிகை அங்கேயே நின்றுவிட்டான் என்றும் சொல்லத் தொடங்கினார். விளக்கேற்றும் நேரம் கடந்தும் பேசிக்கொண்டிருந்தார்.