மறைக்கச் சொன்னது நான்தான்

என் மகளுக்குச் சர்க்கரை இருப்பதை ஊர், உறவு, பள்ளிக்கூடம் எல்லோரிடமும் மறைத்தேன். அவளையும் மறைக்கப் பழக்கினேன்.

பொம்பளைப்பிள்ளை, நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டியவள் என்ற பயம்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. இது இனிப்புத் தின்று வந்ததல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிற முதல் வகை நீரிழிவு, இதில் யார்மேலும் பழி இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் இன்சுலின் குப்பியை ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலை டப்பாவுக்குள் போட்டு மூடினேன். கல்யாண வீடுகளில் மண்டபத்துக் கக்கூஸில் வைத்து ஊசி போட்டேன். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே கிடையாது. அந்த மருந்தைத்தான் கள்ளச் சாமான் மாதிரி ஒளித்தேன்.

ஒரு சாரல் சமயம் மதினி குடும்பம் குற்றாலத்துக்கு வந்திருந்தது. ராத்திரி கேரள பார்டர் பக்கத்துக் கடையில் பரோட்டா என்று ஏற்பாடு. கடையில் எல்லார் முன்னாலும் ஊசியை எடுக்கவேண்டி வருமே என்று, தென்காசியில் வீட்டிலேயே போட்டுக் கூட்டிப்போனேன். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். வழியில் பிள்ளைகள் ஐந்தருவியில் குளித்துவிட்டுப் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம் வேறு.

குளித்து ஏறியவர்கள் எல்லாருக்கும் பல் கிடுகிடுத்தது. அவளுக்கும்தான். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும். அருவியில் நனைந்த நெற்றியில் வேர்வை எங்கே தெரியும்? "குளிர் தாங்காத புள்ள" என்று மதினி துண்டைப் போர்த்திவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். அவள் பேச்சுக் குழறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் அவளை வேனுக்குப் பின்னால் மறைவாகத்தான் கூட்டிப்போனேன். விரலைத் துடைத்துக் குத்திப் பார்த்தால் 46. குளுக்கோஸ் பொட்டலம் அவள் பையிலேயே இருந்தது, பிரிக்காமல். தண்ணீரில் கரைத்து மெதுவாகக் குடிக்க வைத்தேன்.

தெளிந்ததும், "ஏன்ட்டி எடுத்துத் திங்கல?" என்று அதட்டினேன்.

"பக்கத்துல அத்தை நின்னாங்கல்லா."

நான் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

அதன் பிறகுதான் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொன்னேன். 70க்குக் கீழே போனால் 3 ஸ்பூன் சர்க்கரை கொடுக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று எழுதியும் கொடுத்தேன். கறிவேப்பிலை டப்பாவையும் மாற்றியாயிற்று. ஆனால் ஊசியை எடுக்குமுன் கதவு சாத்தியிருக்கிறதா என்று அவள் இன்னும் திரும்பிப் பார்க்கிறாள். அன்றைக்கு மதினியிடம் 'பசி மயக்கம்' என்று சொன்னேன். அதை இன்றுவரை நான் திருத்திச் சொல்லவில்லை.