தலைப்பெழுத்துக்குப் பின்னால் ஓர் ஊர்



சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, விண்ணப்பத்தாளில் 'குடும்பப்பெயர்' என்றொரு கட்டம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம்மில் அநேகர் தகப்பன் பெயரை அதில் எழுதிவிடுகிறோம். பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கையில் அந்தப் பெயரும் மாறிவிடும். மூன்றாம் தலைமுறையில் பாட்டனார் பெயர் எந்தத் தாளிலும் இராது. வாளையாரைத் தாண்டிக் கேரளத்தினுள் சென்றால் வழக்கம் வேறு. அங்கே வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு. அது தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். இவ்விரு வழக்கங்களும் ஒன்றையொன்று சந்திக்கும் நிலமே பாலக்காடும் இடுக்கியும்.

முதலில் பாலக்காட்டுக்கு வாருங்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் இது. தமிழர் பலர் இவ்வழியே வந்து குடியேறினார்கள். நமக்குப் பழக்கமான சில பெயர்களின் தலைப்பெழுத்துகளே அந்தக் கதையைச் சொல்லும். தேர்தல் ஆணையராயிருந்த டி.என். சேஷனின் 'டி' என்பது திருநெல்லாய் என்னும் பாலக்காட்டு அக்கிரகாரம். எலப்புள்ளியில் பிறந்த இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதனின் 'எம்' மனையங்கத்து என்னும் வீட்டுப்பெயர். முன்னாள் முதல்வர் எம்.ஜி.ஆரின் 'எம்' மருதூர். அதுவும் குடும்பத்தின் வீட்டுப்பெயரே. (திரையுலகத்தாரை இப்பத்திரிகையில் உதாரணமாகக் காட்டலாமா என்று கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும், இவற்றைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.) ஒருவருக்கு ஊர், மற்றவருக்கு வீடு. எழுத்தைச் சுருக்கிவிட்டதால் அது எதைக் குறிக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமற்போகிறது.

பாலக்காட்டில் நிலம் உடையவர்களின் பெயரைத் தேடுவது அத்தனை கடினமன்று. கிராம அலுவலகத்தில் 'தண்டப்பேர்' கணக்கு என்று ஒன்றுண்டு. நிலவரி யார் பெயரில் செலுத்தப்படுகிறதோ அந்தப் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். ஒன்றை மட்டும் மறவாதிருங்கள். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. அருகிலுள்ள சித்தூரோ கொச்சி அரசின் கீழ் இருந்தது. ஆகவே பத்து மைல் தூரத்திலிருந்த இரு சகோதரர்களின் பழைய காகிதங்கள் இரண்டு அரசுகளின் கச்சேரிகளில் கிடக்கக்கூடும்.

நிலமில்லாதவனுக்குத் தண்டப்பேர் ஏது? அவனைத் தேட மலைக்குத்தான் செல்லவேண்டும். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறும் பாதையில் நாம் இடுக்கி மாவட்டத்தை அடைகிறோம்.

1877-ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அதன்பின் எழுந்த தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களை அழைத்துவந்தார்கள். போடிநாயக்கனூருக்கு அப்பாலுள்ள கொட்டகுடியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் மலைவழியே வந்தவர்கள் அநேகர். தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளிக்கு ஓர் எண். அதற்கு எதிரே ஒரு பெயர். வீட்டுப்பெயர் இல்லை, ஏனெனில் குடியிருந்த லயமோ கம்பெனியுடையது.

மூணாறு கிறிஸ்து ஆலயத்தை அடுத்த குன்றில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று பாருங்கள். ஆலயம் கட்டத் தொடங்கியது 1910-இல். ஆனால் 1894-இலேயே காலராவினால் மரித்த எலினார் என்னும் இளம் ஆங்கிலப் பெண் அங்கே அடக்கம்பண்ணப்பட்டாள். அவள் பெயர் இன்றும் எல்லாருக்கும் தெரியும். அதே மலையில் காட்டை வெட்டித் தேயிலை நட்டு மாண்ட தமிழர்களில் எத்தனை பேருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு? 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மூணாற்றின் ரயில்பாதையையே அழித்துப்போட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டார்கள். பெட்டியில் காத்துவைத்த காகிதங்களும் வீட்டோடு மண்ணுக்குள் போயின.

காகிதம் போனால் என்ன என்று எண்ணாதிருங்கள். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே முன்னோர் கேரளத்தில் குடியிருந்தனர் என்று காட்டினால்தான் அங்கே சாதிச் சான்றிதழ் கிடைக்கும். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளை, கல்லூரி வாசலில் பாட்டனாரின் பெயருக்குச் சான்று தேடி நிற்கிறான். 2021-இல் தேவிகுளம் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் வழக்கு இதை நாடறியச் செய்தது. நீதிமன்றத்தில் திருச்சபையின் குடும்பப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் திறக்கப்பட்டன. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவரது தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. ஒரு மலைச்சபையின் பழைய ஏடு டில்லிவரை ஆராயப்படும் என்று அதை எழுதியவர் நினைத்திருப்பாரா?

எஸ்றாவின் புஸ்தகம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணாதவர்கள் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டார்கள். அவர்கள் பொய் சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை. ஏடு கிடைக்கவில்லை, அவ்வளவே. ஆகையால் ஞானஸ்நானப் பதிவில் புதுப்பெயரை மட்டும் எழுதிப் பழைய பெயரை விட்டுவிடும் வழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடன்று. இரண்டும் தகப்பன் பெயரும் சொந்த ஊரும் ஒரே வரியில் இருக்கட்டும்.

மலையிலிருந்து இறங்கி நகரத்துக்கு வந்த குடும்பமா உங்களுடையது? இடுக்கி மாவட்டம் 1972-இல்தான் உண்டானது. அதற்குமுன் தேவிகுளமும் பீர்மேடும் கோட்டயத்தைச் சேர்ந்தவை, அதற்கும் முன் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தவை. எந்த ஆண்டுக் காகிதம் வேண்டுமோ அந்த ஆண்டின் அரசைக் கேட்டுச் செல்லுங்கள். செக்ரோலைத் தோட்டத்து ஆபீசில்தான் கேட்கவேண்டும். அதற்குமுன் வீட்டிலுள்ள வயதான தாயாரிடம் உட்காருங்கள். எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், கங்காணியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கங்காணி எந்த ஊர்க்காரர் என்று மறவாமல் கேளுங்கள். பெரும்பாலும் அவர் தம்முடைய ஊரிலும் சுற்றுப்புறத்திலுமே ஆள் சேர்த்தார். உங்கள் பாட்டனாரின் ஊரும் அங்கேயே அருகில் இருக்கக்கூடும்.