வரைபடத்தில் எங்கள் சாவடி

லண்டனில் நான் முதன்முதலாகப் போய் உட்கார்ந்த பொருளாதார ஆய்வரங்கில், திரையில் விரிந்தது எங்கள் வீட்டு வாசல் சாலை. தங்க நாற்கரச் சாலையைப் பற்றிய பேச்சு அது. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் கோட்டில் என் கண் வேலப்பன்சாவடியைத் தேடியது. மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, பெயர் எழுத இடமில்லாத அளவு சின்ன இடம்.

கனி, கோஸ்வாமி, கெர் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வைப் பேச்சாளர் விளக்கினார். நாற்கரச் சாலைக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் மாவட்டங்களில் தொழிற்சாலை உற்பத்தி நன்றாகக் கூடியிருக்கிறது. அதைத் தாண்டி 50 கிலோமீட்டர் வரை அந்தப் பலன் தென்படவில்லை. எனக்கு அது புதிதாக இல்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, விடியற்காலையில் எங்கள் சாலையில் ஓடிய கம்பெனி பஸ்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. லண்டன் ஆய்வரங்கிலோ இரண்டாவது நிமிடத்திலேயே கேள்வி பாய்கிறது. முதலாண்டு மாணவி பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைத்து, "இந்த முடிவை நான் ஏன் நம்ப வேண்டும்?" என்கிறாள். அவர் கோபப்படாமல் பதில் சொல்கிறார். ஆய்வாளருக்குக் கிடைக்கும் உண்மையான பயிற்சி அதுதான். அதைப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆனது.

மூன்றாம் வருடம், அதே சாலை மறுபடி திரைக்கு வந்தபோது கை தூக்கினேன். "சாலைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கும் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தூரம் ஒன்றுதானா?" அம்மா போனில் சொன்னது மனதில் இருந்தது: "ரோட்ட தாண்டுறதுக்குள்ள உசுரு போய் உசுரு வருதுப்பா." எதிரே தெரியும் கடைக்குப் போக அவர் எவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருக்கிறது என்பதை மாவட்டப் புள்ளிவிவரம் காட்டாது. பேச்சாளர் நின்று யோசித்தார். கூட்டம் முடிந்ததும், "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பிறந்த ஊர் என்றேன்.

சொந்த ஊரை ஆய்வுக்குள் கொண்டுவரும் வழி சென்னைக்குப் புதிதல்ல. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, அவரவர் ஊரைக் கணக்கெடுத்து வரச் சொன்னார். 1918இல் அது புத்தகமானது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள தூசி போன்ற கிராமங்கள் அதில் இருக்கின்றன. 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். 1981இல் எஸ். குகனும் ஜோன் மெஞ்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் மறுபடியும் ஒரு குழு போனது. ஒரு கிராமத்தின் ஏறக்குறைய நூறு வருட வாழ்க்கை இப்படிப் பதிவாகியிருக்கிறது. செயற்கைக்கோள் எடுத்த இரவு வெளிச்சப் படத்தைக் கொண்டு வளர்ச்சியை அளக்கும் இந்தக் காலத்திலும், அந்த வெளிச்சம் யார் வீட்டு விளக்கு என்று கேட்க ஒரு ஆள் நடந்துதான் போக வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்களே, வரும் விடுமுறைக்கு உங்கள் மாணவர்களின் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து ஊருக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் வகுப்பில் நிற்கவைத்து, குறுக்கே கேள்வி கேளுங்கள்.